கடைசி மூன்று நிமிடமும் அவளுடைய ஹெட்செட்டும்

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மேட்ச் முடிந்து வீடு திரும்பும் வழியில், மைதானத்துக்குக் கீழே தெருமுனையில் இருக்கும் டெப்பனரில், இங்கத்துப் பெட்டிக்கடையில், பால் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பி என் ஜாக்கெட்டைப் பார்த்தார். பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் சிவப்பு ஜாக்கெட். அவர் தலையிலும் அதே சிவப்பில் ஒரு தொப்பி. முதலில் பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

“கடைசியில் அந்த இரண்டு புள்ளியை விட்டுக்கொடுக்கச் சொன்னது நீதானே? கோச் பக்கத்தில் ஹெட்செட் போட்டுக்கொண்டு நின்ற பெண். நல்ல மூளை.”

பாலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். “மெர்சி” என்றேன்.

கோச் பக்கத்தில் நின்றவள் நான் இல்லை. அந்த நேரத்தில் நான் மைதானத்தின் உச்சியில், கண்ணாடி அறைக்குள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு புள்ளியை விட்டுக்கொடுக்கச் சொல்லவும் இல்லை. நான் சொன்னது அதற்கு நேர் எதிரானது. ஆக, ஒரே பாராட்டில் எனக்கு இரண்டு அடி. அவள் சரியாகச் சொல்லியிருந்தாள். அதற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு வரும்வரை அந்த மெர்சி கூடவே வந்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் கால்பந்து என்பது வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பது. பத்து கஜம் முன்னேற அமெரிக்காவில் நான்கு முயற்சி தருவார்கள், கனடாவில் மூன்று. முன்னேற முடியாது என்று தெரிந்தால் கடைசி முயற்சியில் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிட வேண்டும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

நான் பார்க்க ஆரம்பித்தது திருச்சியில், இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில். அமெரிக்காவில் சனிக்கிழமை மாலை நடக்கும் கல்லூரி மேட்சுகள் நமக்கு ஞாயிறு காலை வரும். மெஸ்ஸில் பொங்கல் போடும் நேரம் வரை லேப்டாப்போடு கட்டிலில் கிடப்பேன். என் அறைத்தோழி ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏண்டி, அத்தன பேரு முட்டிமோதி விழறாங்க. நீ என்னமோ மூலையில இருக்கிற கடிகாரத்தையே முறைச்சுப் பாக்கற?”

உண்மைதான். எனக்குப் பிடித்தது கடிகாரம். கடைசி மூன்று நிமிடம் வந்துவிட்டால் இந்த ஆட்டம் வேறு ஆட்டமாகிவிடும். முன்னால் இருக்கிறவனுக்கு நேரம் ஓட வேண்டும், பின்னால் இருக்கிறவனுக்கு நேரம் நிற்க வேண்டும். கோட்டுக்கு உள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஒரு மாதிரி, வெளியே போனால் வேறு மாதிரி. புள்ளி எடுக்கக்கூடிய இடத்தில் வேண்டுமென்றே எடுக்காமல் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்து ஜெயிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டுமென்றால் வீட்டில் எல்லோரும் பேட்ஸ்மேனைப் பார்ப்பார்கள்; நான் ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பேன். அந்த ரகம்.

மேற்படிப்புக்கு மொன்றியல் வந்த முதல் இலையுதிர் காலத்திலேயே பல்கலைக்கழக அணியின் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். கோச் க்யூபெக்காரர். பெரிய உடம்பு, சின்ன வாக்கியங்கள்.

“உனக்கு என்ன தெரியும்?” என்றார்.

“கடைசி மூன்று நிமிடம்.”

சிரித்தார். அதற்கப்புறம் என் லேப்டாப்பைப் பார்த்தார். புள்ளிகள், மிச்ச நேரம், பந்து எங்கே இருக்கிறது, மூன்றையும் கொடுத்தால் அடுத்து என்ன செய்வது நல்லது என்று சொல்லும் ஒரு புரோகிராமை விடுதியிலேயே எழுதி வைத்திருந்தேன். அவர் ஐந்தாறு பழைய மேட்சுகளைச் சொல்லிச் சோதித்தார். சிரிப்பு நின்றது. சம்பளம் இல்லை, ஜாக்கெட் உண்டு என்றார்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

“ஃபுட்பாலா? நீ விளையாடறியா?”

“இல்லம்மா. நான் நேரம் பாத்துச் சொல்லுவேன்.”

“மணி பாத்துச் சொல்லவா மாண்ட்ரியல் வரைக்கும் போன?”

அம்மாவுக்குப் பதில் தயாராக இருந்தது: மேட்சின் கடைசி நிமிடத்தில் ஐம்பது அறுபது பேர் கொண்ட அணி முழுவதும் ஒரு ஆளின் வார்த்தைக்குக் காத்து நிற்கும், அந்த ஆள் நானாக இருப்பேன். சொல்லவில்லை. அடுத்த வாரமே அது நானில்லை என்று ஆகிவிட்டது.

அவள், கோச் பக்கத்தில் நின்றவள், மொன்றியலை ஒட்டிய லவாலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அங்கே பெண்கள் ஃபுட்பால் அணி, கையில் ஒரு பழைய எலும்பு முறிவு. என்னைவிட மூன்று வயது சின்னவள். கோச்சிடம் பிரெஞ்சில் பேசுவாள், ஆட்டக்காரர்களிடம் ஆங்கிலத்தில் கத்துவாள், என்னிடம் தமிழில் கதைப்பாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது மூச்சுக்கூட வாங்கமாட்டாள். நான் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்கு வழி கேட்கத் தெரியும்.

இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மேலே கண்ணாடி அறையில், புரோகிராமோடு. இன்னொன்று கீழே மைதானத்து ஓரத்தில், கோச்சின் தோளுக்குப் பக்கத்தில், ஹெட்செட்டோடு. மேலே இருப்பவள் சொல்ல வேண்டும். கீழே இருப்பவள் அதைக் கேட்டு, ஒரே மூச்சில், கோச்சுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். கோச் யாரை எங்கே நிறுத்துவார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

“அக்கா, மேல குளிரில்லை. குடுத்து வச்சனீங்கள்” என்றாள் முதல் நாள்.

“ஆமா, நல்ல இடம்” என்றேன்.

பொய். அவளுடைய குளிரின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. மேட்ச் முடிந்து படியேறி வரும்போது அவள் மூக்கு சிவந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், ஹெட்செட் பட்டை முடியின் குறுக்கே ஒரு பள்ளம் போட்டிருக்கும். போரிலிருந்து வருகிறவள் மாதிரி வருவாள். நான் காபி டம்ளரோடு ஆபீஸிலிருந்து வருகிறவள் மாதிரி இறங்குவேன். அவளை ஏற்றிக்கொண்டு போக லவாலிலிருந்து அப்பா காரில் வந்திருப்பார். நான் மெட்ரோ படிக்கட்டில் இறங்கும்போது அந்தக் கார் என்னைக் கடந்து போகும். அவள் கண்ணாடியை இறக்கிக் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

இதையெல்லாம்விட எரிச்சல், எங்கள் இருவரையும் யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நான் அவளைவிட அரைத் தலை உயரம், நிறமும் வேறு. அவளுக்கு வட்ட முகம், எனக்கு நீள முகம். ஆனால் இருவருக்கும் கண்ணாடி, இருவருக்கும் பின்னல், இருவருக்கும் சிவப்பு ஜாக்கெட். அணியில் எங்களுக்கு ஒரே பட்டம்தான்: “கடிகாரப் பெண்”. ஒருமையில். கோச் பாதி நாள் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவளை என் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

அந்த செப்டம்பர் மேட்சுக்கு வருகிறேன். நாங்கள் ஆறு புள்ளி முன்னால். அரை நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக இருந்தது. பந்து எங்கள் கையில், ஆனால் எங்களுடைய கோல் கோட்டை ஒட்டி, மூன்றாவது முயற்சி. என் புரோகிராம் “உதை” என்றது. நானும் ஹெட்செட்டில் “உதை” என்றேன். கீழே அவள் தலையைத் திருப்பிக் கோச்சிடம் ஏதோ சொன்னாள். எங்கள் கிக்கர் பந்தை வாங்கினான், உதைக்கவில்லை. கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் அங்குமிங்கும் ஓடி, பிடிக்க வந்தவர்களை அலைக்கழித்து, வினாடிகளைத் தின்றுவிட்டு, கடைசியில் தானாகக் கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். அப்படிச் செய்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. சேஃப்டி என்பார்கள். ஆறு நான்காகியது. ஆனால் கோலுக்கு உதைத்தால் மூன்று புள்ளிதான்; நான்கு பின்னால் இருந்தாலும் அவர்களுக்கு ஆறு புள்ளி தரும் முழு டச்டவுன்தான் வேண்டும், ஆறு பின்னால் இருந்தாலும் அதேதான். எங்களுக்கோ நஷ்டமில்லாமல் நேரம் போனது; சேஃப்டிக்குப் பிறகு நாங்களே உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் பந்தும் தூரத்துக்குப் போனது. அவர்களால் வந்து சேர முடியவில்லை.

அமெரிக்காவில் எண்ட் ஸோன் இதில் பாதிதான், ஓடி விளையாட இடமில்லை. அங்கே இப்படி விட்டுக்கொடுப்பது அபூர்வம். ஆகவே என் புரோகிராமில் அந்த வழியே இல்லை. கனடாவின் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன்; என் கண் மட்டும் இன்னும் திருச்சி விடுதியில் அமெரிக்கா பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏன் நான் சொன்னத சொல்லல?” என்று படிக்கட்டில் கேட்டேன்.

“நேரமில்லை, அக்கா. சும்மா வாயில வந்திட்டுது.”

“வாயில வந்துச்சா?”

“ஓம். சின்னனில இருந்து பாக்கிறம்தானே. இஞ்ச எல்லாரும் செய்யிறது.”

அவளுக்குச் சும்மா வாயில் வந்தது எனக்கு மூன்று வருஷப் புரோகிராமில் வரவில்லை. டெப்பனர் பெரியவர் பாராட்டியது அந்த வாயை.

அடுத்த மூன்று வாரம் நான் வேறு எதுவும் செய்யவில்லை. சேஃப்டியைப் புரோகிராமுக்குள் கொண்டுவந்தேன். எத்தனை புள்ளி முன்னால் இருந்தால் விட்டுக்கொடுக்கலாம், எத்தனை வினாடி இருந்தால் எண்ட் ஸோனுக்குள்ளேயே ஓடி மேட்சை முடித்துவிடலாம், எல்லாம். ஒரு கிக்கர் எவ்வளவு நேரம் பிடிபடாமல் ஓடுவான் என்று பழைய வீடியோக்களைப் பார்த்துச் சராசரி எடுத்தேன். படிப்புக்கான வேலை ஒன்று தாமதமானது. பேராசிரியரிடம் ஜலதோஷம் என்றேன்.

அக்டோபர் கடைசியில், சொந்த மைதானத்தில் விளையாட ஒரே ஒரு மேட்ச் மிச்சம் இருக்கையில், கோச் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்தார். அரையிறுதி க்யூபெக் நகரத்தில் நடக்கும், பஸ்ஸில் கடிகாரத்துக்கு ஒரு இடம்தான், மேல் அறை வேலையை அங்கே துணைக் கோச் பார்த்துக்கொள்வார் என்றார். அதற்குமுன் ஒரு காரியம். இந்த மேட்சில் நீங்கள் இருவரும் இடம் மாறி நில்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு யார் என்று சொல்கிறேன்.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். “ரெண்டு பேரும் ஒண்டு எண்டு நினைச்சவர், இண்டைக்குத்தான் எண்ணிப் பாத்திருக்கிறார்.”

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பஸ் வேண்டும். அவளுக்கும் வேண்டும் என்பது அவள் சிரிப்பை முடித்த வேகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை ஹெட்செட்டை என் தலையில் அவளே மாட்டிவிட்டாள். பட்டையின் அளவு அவளுக்குப் பொருந்தியது, எனக்கு இறுகியது. “கையுறை ரெண்டு சோடி போடுங்கோ. கோச் ‘அலோர்?’, அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்டா உடன சொல்ல வேணும், விளங்குதே? யோசிச்சுச் சொன்னா அவருக்குக் கேக்காது.” சொல்லிவிட்டு என் காபி டம்ளரையும் வாங்கிக்கொண்டு மேலே போனாள். என் நாற்காலிக்கு.

கீழே நிற்பது நான் நினைத்த மாதிரி இல்லை. மேலேயிருந்து பார்க்கும்போது மைதானம் ஒரு படம். கீழே அது இரைச்சல். ஆட்டக்காரர்களின் முதுகுகள் மறைக்கின்றன, பந்து எங்கே என்று தெரிவதில்லை, குளிர் பூட்ஸ் வழியாக ஏறி முழங்காலில் வந்து உட்காருகிறது. ஆனால் மேலேயிருந்து தெரியாதது ஒன்று தெரிகிறது. ஆட்களின் முகம். யார் மூச்சு வாங்குகிறான், யார் பயந்திருக்கிறான், யார் வலியை மறைக்கிறான். எங்கள் கிக்கர் ஒவ்வொரு முறை உதைத்துவிட்டு வரும்போதும் வலது தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டே வந்தான். கோச் பார்க்கும் திசைக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவான்.

கடைசி நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். இதைக் கதை என்று எழுதியிருந்தால் வேறு மாதிரி மாற்றியிருப்பேன்; மறுபடியும் எங்கள் கோல் கோட்டை ஒட்டித்தான் பந்து. இரண்டாவது முயற்சியில் எங்கள் ஆளைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். கடிகாரம் நின்றது. ஒன்பது வினாடி. பந்து அசையும்போதுதான் இனி அது ஓடும். மூன்றாவது முயற்சி.

உதைத்தால், அவர்கள் பந்தைப் பிடித்து, ஒரு ஆட்டம் ஆடி, கோலுக்கு உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்ய நேரம் இருக்கும். சேஃப்டி கொடுத்தால் மூன்று ஒன்றாகும். ஒன்பது வினாடியும் உள்ளேயே ஓடித் தீர்த்துவிட்டால் அந்த ஒன்று போதும், மேட்ச் முடிந்தது. தீர்க்க முடியாமல் பிடிபட்டால் ஒரே புள்ளி முன்னிலையோடு பந்தை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அது உதைப்பதைவிட மோசம்.

காதில் அவள் குரல் வந்தது. நிதானமாக, என் புரோகிராமைப் பார்த்து வாசிக்கும் குரல். “அக்கா, ஓடச் சொல்லுது. ஒன்பது காணும், போதும் எண்டு சொல்லுது. கிக்கர் ஓடட்டாம்.”

நான் எழுதிய புரோகிராம். சேஃப்டி சொல்கிறது. நான் ஆசைப்பட்ட வார்த்தை, நான் நிற்க ஆசைப்பட்ட இடம், டெப்பனரில் எனக்கே எனக்கென்று ஒரு பாராட்டு. கோச் திரும்பினார்.

“அலோர்?”

கிக்கர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இரண்டு எட்டு வைத்தான். கை தொடைக்குப் போனது.

நான் சராசரி எடுத்த கிக்கர்கள் யாருக்கும் தொடை வலி இருக்கவில்லை.

“ஓட வேண்டும்” என்று சொல்லப் பிரெஞ்சு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. ஆங்கிலமும் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது. மாலை வகுப்பில் இரண்டாம் வாரம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தான் வாயில் வந்தன. கிக்கரைக் காட்டினேன். “பா லுயி.” அவன் வேண்டாம். எங்கள் பக்கத்தில் குதித்துக்கொண்டு நின்றவனைக் காட்டினேன். எதிரணி உதைக்கும் பந்துகளைப் பிடித்து ஓடுகிறவன், அணியிலேயே வேகமானவன், ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை. “லோத்ர்.” மற்றவன். பிறகு காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டேன், இன்னொரு வட்டம் போட்டேன்.

கோச் கிக்கரின் தொடையைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கிக்கரைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு மற்றவனை முதுகில் தட்டி அனுப்பினார்.

“அக்கா, ஆரை அனுப்புறியள்?” காதில் அவள். “அக்கா?”

பந்து பின்னால் பறந்து வந்தது. அவன் பிடித்தான். பிடிப்பதுதானே அவன் தொழில். இடது பக்கம் ஓடினான், நின்றான், திரும்பினான். இரண்டு பேர் அவனைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனார்கள். வலது பக்கம் ஓடினான். அவ்வளவு பெரிய எண்ட் ஸோனில் ஒருவனை ஐந்து பேர் துரத்துவது பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரித்தவர் யாரும் இல்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தேன். பூஜ்யம் வந்தபிறகும் அவன் ஓடிக்கொண்டிருந்தான். யாரோ கத்திய பிறகுதான் கோட்டுக்கு வெளியே போனான்.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அந்த ஒரு நிமிடம் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அது அந்த வருஷத்திலேயே இல்லாத நிமிடம்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோச் வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்தார். என் முகத்தை நேராகப் பார்த்து, பஸ், வெள்ளிக்கிழமை காலை, நேரத்துக்கு வந்துவிடு என்றார். முடிக்கும்போது பெயரைச் சொன்னார்.

அவள் பெயரை.

ஹெட்செட் இன்னும் என் தலையில் இருந்தது. மைக் திறந்திருந்தது. மேலே கண்ணாடி அறையில் அவளும் அதைக் கேட்டாள்.

படிக்கட்டில் பாதி வழியில் சந்தித்தோம். அவள் கையில் என் லேப்டாப்.

“என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னார்” என்றேன்.

“ஆனா சொன்னது என்ர பேர்.”

“அவருக்கு நம்ம பேரு என்னைக்குத் தெரிஞ்சுது?”

“பஸ்ஸில பேரைத்தான் எழுதுவினம், அக்கா. முகத்தை எழுதமாட்டினம்.” சிரிக்கிற மாதிரி சொன்னாள். சிரிக்கவில்லை. “உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே? ஒவ்வொரு மேட்சிலயும் அவர் என்னட்டக் கேக்கிறது, மேல இருக்கிறவள் என்ன சொல்லுறாள் எண்டுதான். நான் என்ன நினைக்கிறன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. நான் உங்கட ஸ்பீக்கர். ஒரே ஒருக்கா என்ர சொந்தமா ஒண்டு சொன்னன். அது சரிவந்தது. திங்கக்கிழமை கிளாஸில ஒரு பொடியன் வந்து என்ன சொல்லுறான் தெரியுமே? ‘உன்ர அக்கா நல்லா யோசிச்சவ.’”

டெப்பனர் மெர்சியைப் பற்றிச் சொன்னேன்.

“நீங்கள் மெர்சி சொன்னனீங்களோ?”

“ஆமா.”

“விசரி” என்றாள். பைத்தியக்காரி என்று அர்த்தம்; கோபமா பகிடியா என்று பிரிக்க முடியாத குரலில். “வாங்கோ. அவரையே கேப்பம்.”

கோச்சின் அலுவலகத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் பிரெஞ்சில் கேட்டாள். எங்களில் யாரைச் சொன்னீர்கள்? அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுவரை வந்தது.

“மற்றவனை அனுப்பச் சொன்னது யார்?” என்றார்.

அவள்தான் முதலில் கையை நீட்டினாள். என்னைக் காட்டி.

“அப்படியானால் இவள்” என்றார். மன்னிப்பும் கேட்டார், இருவரிடமும், எங்கள் பெயர்களைச் சொல்லி. சரியான பெயர்கள்.

வெளியே வந்ததும் அவள் ஜாக்கெட் ஜிப்பைத் தாடை வரை இழுத்தாள். “சரி, அக்கா. போயிட்டு வாங்கோ. க்யூபெக்கில குளிர் இதைவிடக் கூட. அந்த ஹெட்செட் உங்களுக்கு இறுக்கம், பட்டையை லூஸாக்கச் சொல்லுங்கோ.” அவளுடைய அப்பாவின் கார் வந்தது. ஏறினாள். கண்ணாடியை இறக்கவில்லை.

இறக்காத அந்தக் கண்ணாடியை எனக்கு நன்றாகத் தெரியும். நானாக இருந்தாலும் இறக்கியிருக்கமாட்டேன். மெட்ரோ வரை நடக்கும்போது, என்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிகிறாள் என்ற நினைப்பு எவ்வளவு கதகதப்பாக இருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியதும் பின்வரிசையிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லி வரவேற்றான். கையாட்டினேன். மூன்று மணி நேரப் பயணத்தில் பிரெஞ்சுப் பகிடிகள் தலைக்கு மேலே பறந்தன. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். அவள் இருந்திருந்தால் அந்தப் பகிடிகளில் பாதியை அவளே விட்டிருப்பாள் என்று தோன்றியது. இடம் கிடைத்த பிறகுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆமாம், பிறகும்தான்.

மேட்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் பாதியிலேயே நான்கு டச்டவுன் பின்னால். மூன்றாம் கால்பகுதியில் பனி விழ ஆரம்பித்தது. பிறகும் அடி வாங்கினோம். கடைசி மூன்று நிமிடம் வந்தபோது எங்களிடம் எல்லா நேரமும் இருந்தது, அதை வைத்துச் செய்ய ஒன்றுமே இல்லை. கோச் ஒரு தடவைகூட “அலோர்?” என்று கேட்கவில்லை. இரண்டு சோடிக் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போக, கடிகாரம் ஓடி முடிவதற்காக எல்லோரையும்போல நானும் காத்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை கேமரா என்னைக் கடந்து போனது. தொப்பி, மஃப்ளர், கண்ணாடி, ஹெட்செட். அதற்குள் யார் இருந்தாலும் ஒன்றுதான்.

பஸ்ஸில் திரும்ப ஏறி, கை சூடேறிய பிறகு ஃபோனை எடுத்தேன். அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு. பின்னணியில் வீட்டுச் சத்தம், டிவி, யாரோ பெரிய குரலில் கதைக்கிறார்கள்.

“அக்கா, லவால் முழுக்க எனக்கு ஃபோன் எடுக்குது. சித்தி, மாமி, அப்பாவோட வேலை செய்யிறவை, எல்லாரும் என்னை டிவியில பாத்தவையாம். நல்ல வடிவா நிண்டனாம். அவ்வளவு குளிரிலயும் அசையேல்லையாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சில் சிரிப்பு கேட்டது.

“நான் ஒண்டும் மறுத்துச் சொல்லேல்லை. எல்லாருக்கும் மெர்சி சொல்லிட்டன்.”